காலந்தோறும் ஒப்பனை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் இடையறாது கூடிவருவது எளிய செயலன்று. மழைக்காலத்தில் பிற்பகலிலேயே மஞ்சு இறங்கிவிடும் சேர்வராயன் மலையில், மாரமங்கலம் போன்றதோர் ஊரில், கடைசிப் பேருந்தின் நேரத்தைக் கணக்கிட்டுக்கொண்டே கவிதை படித்துக் கலைந்த வட்டம் இது. காப்பியையும் மிளகையும் போலச் சொல்லும் இங்கு நிழலிலேயே விளைந்திருக்கிறது. இதனை வளர்த்த அனைவரையும் வாழ்த்தி என் உரையைத் தொடங்குகிறேன்.

'காலந்தோறும் ஒப்பனை' என்பது நான் எடுத்துக்கொண்ட பொருள். இலக்கிய மேடையில் முகப்பூச்சைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். அதற்கு நம் மொழியே விடை தரும். கண்ணுக்கு மை இடுவதை 'எழுதுதல்' என்றனர் நம் முன்னோர். தோளிலும் மார்பிலும் சந்தனக் குழம்பால் கொடியும் கரும்பும் வரைந்ததைத் 'தொய்யில் எழுதுதல்' என்றனர். கண்ணுக்கு இடுவதும் மை. எழுதுகோலில் நிறைவதும் மை. முகத்தை எழுதியவளும் ஏட்டை எழுதியவனும் ஒரே வினைச்சொல்லைப் பகிர்ந்துகொண்ட மொழி நம்முடையது. ஆகவே ஒப்பனையைப் பற்றிப் பேச இம்மேடைக்கு உரிமை உண்டு. பேசவேண்டிய கடமையும் உண்டு என்பதை முடிவில் சொல்வேன்.

ஒப்பனை மாறும்போதெல்லாம் 'ரசனை மாறிவிட்டது' என்று ஒரு காரணம் சொல்லி நாம் அமைதி கொள்கிறோம். ரசனை, காற்றுப்போல் எங்கிருந்தோ வந்து எங்கோ போய்விடும் ஒன்று என்பது நம் நினைப்பு. சற்று நின்று பார்த்தால், அதனைத் திருப்பிவிடும் கைகள் சில நம் கண்ணுக்குத் தென்படும். என் அறிவுக்கு எட்டியவரை அவை ஐந்து. பூசும் பொருளைத் தரும் மண், முகத்தைக் காட்டும் விளக்கு, 'இவள் பூசலாம், இவள் பூசக்கூடாது' என்று விதிக்கும் ஊர், விற்கும் கடை, இவற்றிற்கெல்லாம் பெயரிட்டு அழகு இதுவென்று சொல்லும் சொல். இந்த ஐந்தையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலில் மண். ஒருகாலத்தில் ஒப்பனைப் பொருள் என்பது வீட்டுக் கொல்லையிலும் காட்டுச் சரிவிலும் விளைந்தது. கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை நனைத்து நிழலில் உலர்த்தித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே கவிழ்த்த தட்டில் படியும் கரியை எண்ணெயில் குழைத்தால் கண்மை. மஞ்சள் பொடியில் சுண்ணாம்போ வெண்காரமோ சேர்ந்தால் அது சிவந்துவிடும். அந்தச் சிவப்பே குங்குமம். சந்தனமும் சீயக்காயும் நம் மலைக்கே உரியவை. இவற்றைச் செய்தவளே இவற்றைப் பூசிக்கொண்டவளும் ஆவாள். அவளுக்குத் தன் முகத்தில் உள்ளது என்ன என்பது தெரியும்.

மண் என்றால் உள்ளூர் மண் மட்டும் என்று கொள்ள வேண்டா. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி நீராடுவதற்குப் பத்து வகைத் துவரும், ஐந்து வகை நறுமணப் பொருளும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நன்னீரைச் சொல்கிறார் இளங்கோவடிகள். நாற்பத்தேழு பொருள்கள் ஒரு பெண்ணின் குளியலுக்கு எங்ஙனம் வந்து சேர்ந்தன? புகார் ஒரு துறைமுகம். மேற்கு மலையின் சந்தனமும் அகிலும் அந்நகருக்கு வந்து குவிந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. மாதவியின் கூந்தல் மணத்துக்குப் பின்னால் மலைகளும் சாலைகளும் சுங்கச் சாவடியும் இருக்கின்றன. கலம் வராத ஊரில் அத்தகைய நீராட்டைப் பாடியிருக்க இயலாது.

பொருள் மாறினால் கோலமும் மாறும் என்பதற்கு நம் கைகளே சான்று. அம்மியில் அரைத்த மருதாணி விழுது சற்றுக் கரடாகவே இருக்கும். அதனால் மெல்லிய கோடு இழுக்க முடியாது. ஆகவேதான் நம் பாட்டிமார் உள்ளங்கை நடுவே ஒரு வட்டமும், சுற்றிலும் புள்ளிகளும், விரல் நுனிகளில் தொப்பியும் வைத்தனர். பின்னர் இலையை உலர்த்தி மாவாகச் சலித்துக் கூம்புப் பையில் அடைத்து விற்கும் முறை வந்தது. ஊசிமுனை போன்ற கோடு எளிதாயிற்று. அதனோடு வடநாட்டுக் கொடிகளும் மயில்களும் நம் மணப்பெண்களின் முழங்கை வரை ஏறின. இதனை 'வடநாட்டு மோகம்' என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுகிறோம். ஒரு சல்லடையும் ஒரு கூம்பும் செய்த வேலை அதில் பாதி என்பதை மறந்துவிடுகிறோம்.

இன்னொன்றையும் சேலத்துக்காரர்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டும். சேலத்துக் கல்சட்டியின் புகழ் நாடறிந்தது. அதற்குரிய மாக்கல்லின் முதன்மையான கனிமத்தை அறிவியலார் டால்க் என்பர். நாம் முகத்துக்குப் பூசும் 'டால்கம் பவுடர்' அதே கனிமத்தின் நுண்பொடியே. கத்தரிக்காய்க் குழம்பு கொதித்த கல்லும் கண்ணாடி முன் பூசிய மாவும் உடன்பிறப்புகள். அப்படியே, இன்றைய முகப்பூச்சுகளுக்கு வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. அதன் மூலங்களுள் ஒன்றாகிய இல்மனைட்டு, குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கிறது. மண் இன்றும் நம் மண்தான். ஆனால் அது ஆலைக்குப் போய், டப்பாவில் அடைபட்டு, வேறொரு பெயரோடு திரும்பி வரும்போது நமக்கு அடையாளம் தெரியவில்லை.

இரண்டாவது விளக்கு. முகம் எந்த வெளிச்சத்தில் பார்க்கப்படுகிறதோ அந்த வெளிச்சமே ஒப்பனைக்கு ஆசிரியன். இதற்குத் தெருக்கூத்தைவிடச் சிறந்த சான்று இல்லை. தீப்பந்தத்தின் அசையும் ஒளியில், அறுவடை முடிந்த வயலில், ஐம்பதடி தொலைவில் அமர்ந்திருப்பவனுக்குத் துரியோதனன் முகம் தெரிய வேண்டும். ஆகவே கூத்தின் நிறங்கள் அழுத்தமானவை, கோடுகள் தடித்தவை, புருவமும் மீசையும் மிகையானவை. அரிதாரம் என்பது உண்மையில் ஒரு மஞ்சள் கனிமத்தின் பெயர். ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்தது. கேரளத்தார் அதனை மனயோலை என்பர். கதகளியின் பச்சை முகம் அதனோடு நீலம் கலந்து பிறந்தது. இன்று நடிப்பவர் எவரும் அக்கனிமத்தை நாடவேண்டிய தேவையில்லை. எனினும் நடிக்க வந்தவரை 'அரிதாரம் பூசியவர்' என்றே நாம் சொல்கிறோம். பொருள் போய்விட்டது, சொல் தங்கிவிட்டது.

பந்தம் போய்த் திரைப்படக் கருவியின் விளக்கு வந்தபோது முகத்தின் இலக்கணமே மாறிற்று. தொடக்கக் காலத்துப் படச்சுருள் சிவப்பு நிறத்தை உணராது. சிவந்த உதடு திரையில் கரிய உதடாகத் தெரியும். 1920-களின் பிற்பகுதியில் எல்லா நிறத்தையும் உணரும் படச்சுருள் அமெரிக்கப் படநிலையங்களில் பரவியது. அதற்கென்றே மேக்ஸ் பேக்டர் என்னும் ஒப்பனைக்காரர் 1928-இல் புதிய பூச்சு ஒன்றை உருவாக்கினார். வண்ணப்படம் வளர்ந்தபோது அவர் நிறுவனமே 1930-களின் இறுதியில் 'பான்கேக்' என்னும் பூச்சைக் கொண்டுவந்தது. நடிகைக்காகப் பிறந்த அது விரைவில் கடைக்கு வந்தது. கடையிலிருந்து வீட்டுக்கு வந்தது. படச்சுருளின் குறையை மறைக்கச் செய்த பூச்சு, அத்தகைய குறை எதுவும் இல்லாத நம் கண்களுக்கும் அழகின் அளவுகோலாயிற்று.

இது எங்கோ நிகழ்ந்த கதையன்று. சென்னை ஜெமினி படநிலையம் பான்கேக்கை வண்டி வண்டியாக வாங்கியதையும், அங்கு ஒப்பனைப் பிரிவில் இந்தியாவின் பல மாநிலத்தவர் கூடியிருந்ததையும், அங்குப் பணியாற்றிய அசோகமித்திரன் தம் நினைவுக் குறிப்புகளில் நகைச்சுவையோடு பதிந்திருக்கிறார். நம் மலையடிவாரத்திலேயே, ஏற்காடு செல்லும் சாலையில், டி.ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. அதன் நுழைவு வளைவை நம்மில் அறியாதார் இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த நிறுவனம் அது. 1938-இல் மலையாளத்தின் முதல் பேசும் படமாகிய 'பாலன்', 1956-இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாகிய 'அலிபாபாவும் 40 திருடர்களும்' ஆகிய இரண்டும் அந்நிறுவனம் தந்தவை. அலிபாபா வரும்வரை திரையில் கன்னச் சிவப்பு என்பது சாம்பல் நிறத்தின் ஒரு படி மட்டுமே. வண்ணம் வந்தபின் உதட்டுச் சாயமும் கன்னப் பூச்சும் தம் உண்மை நிறத்தோடு தமிழ்ப் பார்வையாளர் முன் நின்றன. அந்த மாற்றத்தின் தொழிற்கூடம் ஒன்று இம்மலையின் காலடியில் இருந்தது என்பது நம் பகுதி வரலாற்றில் குறிக்கத்தக்க செய்தி.

அதன்பின் விளக்குகள் விரைந்து மாறின. 1975 ஆகஸ்டு 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. 1982-இல் இந்தியத் தொலைக்காட்சி வண்ணம் பெற்றது. முகம் வீட்டுக்கூடத்துக்குள் வந்து அமர்ந்தது. இன்றோ ஒவ்வொருவர் கையிலும் ஒரு கருவி. நுண்ணிய மயிர்த்துளையையும் காட்டிவிடும் அக்கருவிக்கு அஞ்சி, மணப்பெண்ணின் ஒப்பனை எதிரே நிற்கும் உறவினரின் கண்ணுக்காக அன்றிப் படத்துக்காகவே செய்யப்படுகிறது. தாலி கட்டும் வேளையில் அருகில் நிற்கும் தாய்க்கு மகளின் முகம் சற்று அயலாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. அந்த முகம் தாய்க்காக எழுதப்பட்டதன்று.

மூன்றாவது ஊர். இங்குதான் ஒப்பனை அழகுப் பொருள் என்னும் நிலையைக் கடந்து நீதிப் பொருளாகிறது. ஆண்டாள் தம் நோன்பில் கண்ணுக்கு மையும் கூந்தலுக்குப் பூவும் விலக்குவதைச் சொல்கிறார். அது தாமே மேற்கொண்ட துறவு. நோன்பு முடிந்ததும் அணிகலனும் ஆடையும் உண்டு. ஆனால் கணவனை இழந்த பெண்ணிடமிருந்து பூவையும் பொட்டையும் மஞ்சளையும் ஊர் பறித்தபோது அதற்கு முடிவு நாள் குறிக்கப்படவில்லை. ஒரே பொட்டு ஒருத்தியின் நெற்றியில் மங்கலம். இன்னொருத்தியின் நெற்றியில் குற்றம். குங்குமத்தின் நிறம் மாறவில்லை, விதிதான் மாறியது.

இன்னொரு பக்கம், முகத்தில் மாவும் உதட்டில் சாயமும் நடிக்கும் பெண்ணுக்கே உரியவை, குடும்பப் பெண்ணுக்கு ஆகா என்று ஒரு விதி நெடுங்காலம் நிலவியது. நாடகக் குழுக்களில் பெண் வேடத்தையும் ஆண்களே தாங்கிய காலத்தில் ஓர் ஆணின் முகத்துக்குக் கிடைத்த பூச்சு, வீட்டிலிருந்த பெண்ணின் முகத்துக்கு மறுக்கப்பட்டது. அதே வேளையில் பெரியார் வேறொரு திசையிலிருந்து கேள்வி எழுப்பினார். பெண்ணை நகை மாட்டும் பொம்மையாக ஆக்கியது யார், அவள் கூந்தலை வெட்டிக்கொண்டு எளிய உடையில் ஏன் நடக்கக்கூடாது என்று கேட்டார். பூசாதே என்று விதித்தவர்களும் பூசியே தீரவேண்டும் என்று விதித்தவர்களும் ஒருபுறம். இந்த விதிகளே எதற்கு என்று கேட்டவர் மறுபுறம். நம் நூற்றாண்டுகளின் ஒப்பனை வரலாறு இந்த வழக்கின் வரலாறும் ஆகும்.

பச்சை குத்துவதையும் இங்கு நினைவுகூர வேண்டும். பொன் அணிய வசதியற்றவளின் அழியா அணி அது. குறவர் குலப் பெண்கள் ஊர் ஊராக வந்து, விளக்குக் கரியைக் குழைத்து, ஊசியால் குத்திப் பாட்டுப் பாடி வலியை மறக்கச் செய்து எழுதிய கோலம். அடகு வைக்க முடியாத நகை. திருடன் கொண்டுபோக முடியாத நகை. படித்த தலைமுறை அதனை நாகரிகமற்றதென்று கூசி மறைத்தது. இன்று அதே பச்சை, 'டாட்டூ' என்னும் பெயரோடு நகரத்துக் கடைகளில் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கிறது. பாட்டியின் முழங்கையில் இருந்தது இழுக்கு. பேத்தியின் முழங்கையில் இருப்பது பெருமிதம். குத்திய ஊசி மாறியிருக்கலாம். அவமானத்தையும் பெருமையையும் பங்கிட்டுக் கொடுத்த ஊரின் கை மாறவில்லை.

நான்காவது கடை. 1919-இல் பம்பாயில் தோன்றிய 'ஆப்கன் ஸ்நோ' இந்தியாவில் செய்யப்பட்ட முகப்பூச்சுகளில் முன்னோடி. விடுதலைக்குப் பின் அந்நியச் செலாவணி அரிதாக இருந்த காலத்தில், 1952-இல் டாட்டா எண்ணெய் ஆலை நிறுவனம் 'லாக்மே'யைத் தொடங்கியது. லட்சுமி என்னும் பெயரின் பிரெஞ்சு வடிவம் அது. ஓர் இசைநாடகத்தின் வழியே பாரிசுக்குப் போன நம் திருமகள், உதட்டுச் சாயமாகத் திரும்பி வந்தாள். வெளிநாட்டுச் சாயத்துக்குக் காசு போகக்கூடாது என்னும் நாட்டின் பொருளாதாரக் கவலையும், அயல்நாட்டுப் பெயரே மதிப்பு என்னும் மக்கள் மனமும் அந்த ஒரு புட்டியில் கலந்திருந்தன.

நகரத்துப் புட்டி மலைக்கு ஏறியதற்குக் கடலூர் ஒரு காரணம். அவ்வூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன், நீர்மப் பொருள்களைச் சிறு பொட்டலங்களில் அடைத்து எளியோரும் வாங்கும் விலையில் விற்கும் எண்ணத்துக்கு வழிகாட்டினார். அவருக்குப் பின் அவர் மக்கள் 1980-களில் அதனைத் தமிழகமெங்கும் பரப்பினர். முழுப் புட்டி வாங்க இயலாத தோட்டத் தொழிலாளிப் பெண்ணும் ஒரு நாள் கூலியில் ஒரு சிறு பகுதியைக் கொடுத்துத் தனக்கென்று ஒன்றை வாங்க முடிந்தது. ஒட்டுப் பொட்டு அட்டையும் அவ்வாறே மலைக்கடைகளில் தொங்கலாயிற்று.

இங்கு ஒரு நடுநிலை வேண்டும். கடையைத் தூற்றுவது மேடைக்கு எளிது. ஆனால் ஊர் மறுத்ததைக் கடை கொடுத்தது என்பதும் உண்மை. பொட்டு வாங்க வந்தவளிடம் கடைக்காரர் 'உனக்குக் கணவன் இருக்கிறானா' என்று கேட்பதில்லை. காசு கொடுத்தவள் கையில் அட்டையைக் கொடுத்துவிடுகிறார். பழையன யாவும் தூயன என்பதும் சரியன்று. அரிதாரத்தில் ஆர்சனிக் இருந்தது. பண்டை எகிப்தியர் கண்ணுக்கு இட்ட கரியப் பொடியில் ஈயம் இருந்தது. பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சீமாட்டிகள் பூசிய வெண்மாவும் ஈயமே. 1940-இல் இயற்றப்பட்ட நம் மருந்துச் சட்டத்துக்குள் 1962-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஒப்பனைப் பொருள்களும் கொண்டுவரப்பட்டன. ஈயம், ஆர்சனிக் ஆகியவற்றின் சேர்மங்களை நிறமூட்டப் பயன்படுத்துவதற்கு விதிகள் தடை விதித்தன. சட்டம் காத்த முகங்கள் பல.

ஆயினும் கடை ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை எடுத்துக்கொண்டது. 1975-இல் 'பேர் அண்டு லவ்லி' என்னும் களிம்பு வந்தது. அதன் பெயரே, வெண்மையையும் அழகையும் ஒரு முடிச்சில் கட்டிவிட்டது. கறுத்த பெண்ணுக்கு வேலை கிடைக்காது, மணம் கூடாது, களிம்பு பூசினால் கிடைக்கும், கூடும் என்று விளம்பரங்கள் ஆண்டுக்கணக்கில் கதை சொல்லின. 1991-இல் பொருளாதாரக் கதவுகள் திறந்தன. 1994-இல் ஒரே ஆண்டில் இரண்டு இந்தியப் பெண்கள் உலக அளவிலான அழகிப் பட்டங்களை வென்றனர். அதன்பின் களிம்புகளின் பெருக்கத்தைச் சொல்லவும் வேண்டுமோ! 2005-இல் ஆண்களுக்கென்றே தனிக் களிம்பு வந்தது.

இதில் பாதிக்கப்படுவது மனம் மட்டுமன்று. 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், சிறுநீரகம் பழுதுற்று வந்த நோயாளர் சிலரிடம் மருத்துவர்கள் துருவி விசாரித்தபோது, அவர்கள் முறையான பெயரோ முகவரியோ இல்லாத வெண்மைக் களிம்புகளைப் பூசி வந்தது தெரியவந்தது. அத்தகைய களிம்புகளில் கலந்த பாதரசம் தோலின் வழியே உட்சென்று சிறுநீரகத்தைத் தாக்குகிறது. ஒரு நிறத்தின் மீது கொண்ட ஆசைக்குச் சிறுநீரகம் விலையாகிறது.

இனி ஐந்தாவதாகிய சொல்லுக்கு வருகிறேன். கவிஞர்களே, இங்குதான் உங்கள் பங்கு தொடங்குகிறது.

சங்க இலக்கியத்தில் பெண்ணின் மேனி அழகுக்கு வழங்கிய பெயர் 'மாமை'. மாந்தளிரின் நிறம் என்றனர் உரையாசிரியர். கருமை என்றும் பொருள் கொண்டனர். மாமரத்தின் இளந்தளிரைப் பார்த்தவர்களுக்கு அந்நிறம் தெரியும். செம்மையும் கருமையும் கலந்து, மெல்லிய பளபளப்போடு ஒளிரும் நிறம் அது. தலைவன் பிரிந்தபோது தலைவியின் மேனியில் படர்ந்தது 'பசலை'. அது பீர்க்கம்பூவின் வெளிறிய மஞ்சள். அதாவது, பெண்ணின் கருநிறம் வெளுத்துப் போவதே அக்கவிதைகளில் துயரத்தின் அடையாளம். குறுந்தொகையின் 27-ஆம் பாடலில் வெள்ளிவீதியார் தம் தலைவியைப் பேசவைக்கிறார். நல்ல பசுவின் பால் கன்றுக்கும் ஆகாமல் கலத்துக்கும் ஆகாமல் மண்ணில் சிந்தியதுபோல, தன் மாமை அழகு தனக்கும் ஆகாமல் தலைவனுக்கும் உதவாமல் பசலைக்கு இரையாகிறதே என்பது அவள் துயரம். பாடியவரும் ஒரு பெண் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அந்தத் தலைவிக்கு ஒரு வெண்மைக் களிம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன செய்வாள்? பசலையைக் காசு கொடுத்து வாங்குவார்களா என்று கேட்பாள். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் கவிதை நோய் என்று சொன்ன வெளிறலை, இன்று நாம் அழகு என்று பூசுகிறோம். இடையில் என்ன நிகழ்ந்தது? ஆண்ட இனங்களின் நிறம், சாதியின் செருக்கு, திரையின் வெளிச்சம், கடையின் விளம்பரம் ஆகிய யாவும் சேர்ந்தன. அவற்றோடு கவிஞர்களாகிய நாமும் சேர்ந்துகொண்டோம். நிலவு முகம், பால் மேனி, தந்த நிறம் என்று பாடல்தோறும் பத்திரிகைதோறும் எழுதிக் குவித்தோம். கறுத்த பெண்ணை எழுத நேர்ந்தால் 'கறுப்பாக இருந்தாலும் களையானவள்' என்று எழுதினோம். அந்த 'இருந்தாலும்' என்னும் ஒற்றைச் சொல்லில் எத்தனை பெண்களின் இளமை நசுங்கியிருக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. மாமை என்னும் சொல் அகராதிக்குப் போயிற்று. மணமகள் தேவை விளம்பரத்தில் 'சிவந்த நிறம்' என்பது தகுதியாக வந்து அமர்ந்தது.

சொல்லின் வலிமையை வணிகர் நம்மைவிட நன்கு அறிவர். 2009-இல் சென்னையைச் சேர்ந்த பெண்கள் அமைப்பு ஒன்று 'கறுமை அழகு' என்னும் கருத்தை முன்வைத்து இயக்கம் தொடங்கியது; நடிகை நந்திதா தாஸ் 2013-இல் அதற்குக் குரல் கொடுத்தார். 2020-இல் அமெரிக்காவில் கறுப்பின மக்களின் போராட்டம் எழுந்து உலகெங்கும் நிறம் பற்றிய கேள்விகள் பெருகியபோது, 'பேர் அண்டு லவ்லி' தன் பெயரின் முதற்சொல்லை நீக்கி 'குளோ அண்டு லவ்லி' ஆயிற்று. வெண்மை போய் ஒளிர்வு வந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகள் காத்த ஒரு பெயரில் ஒரு சொல்லை மாற்ற ஒரு பெருநிறுவனம் உடன்பட்டது என்றால், அந்தச் சொல் எவ்வளவு தீங்கு செய்ய வல்லது என்பதை உலகம் ஒப்புக்கொண்டது என்றே பொருள். ஆனால் நம் கவிதைகளில் நிலவு முகம் இன்னும் மாறவில்லை.

பழம்புலவர் பார்த்து எழுதினர் என்பதை நாம் மறத்தல் ஆகாது. கண்ணுக்கு மை எழுதும்போது, மிக அருகில் வந்துவிட்ட கோல் அக்கண்ணுக்கே தெரிவதில்லை. இந்தச் சிறு நிகழ்ச்சியைக் கண்டு, கணவன் அருகில் வந்ததும் அவன் குற்றம் கண்ணுக்குத் தெரியாமற்போவதற்கு உவமையாக்கினார் வள்ளுவர். மை எழுதும் பெண்ணை ஒருமுறையேனும் கூர்ந்து பார்த்திராத ஒருவர் அதனை எழுதியிருக்க முடியாது. மாமையும் அவ்வாறே கண்ணால் கண்ட நிறம். நாம் எழுதும் நிலவு முகத்தை நாம் யாரிடம் கண்டோம்? இந்த அவையில் அமர்ந்திருக்கும் தாய்மாரின் முகங்களிலா? காப்பிப் பழம் பறித்துத் திரும்பும் நம் பெண்களின் முகங்களிலா? இல்லை. பிறர் ஏட்டிலும் பிறர் திரையிலும் கண்டதை எடுத்து எழுதியிருக்கிறோம்.

கறுப்பைப் பாடு, சிவப்பைப் பாடாதே என்று நான் விதி செய்ய வரவில்லை. அது இன்னோர் ஊர்க்கட்டுப்பாடாகவே முடியும். பூசுகிறவள் பூசட்டும், பூசாதவள் பூசாதிருக்கட்டும், இரண்டும் அவள் உரிமை. நான் வேண்டுவது கவிஞனிடம் மட்டுமே. மண்ணும் விளக்கும் நம் கையில் இல்லை. ஊரைத் திருத்த நாளாகும். கடை நம்மைக் கேட்டு நடப்பதில்லை. இந்த ஐந்தில் நம் கையில் இருப்பது சொல் ஒன்றே. அதனையாவது கண்ணால் கண்டு எழுதுவோம்.

வட்டத்தின் பதினோராம் ஆண்டுக்கு ஒரு வேலையையும் முன்வைக்கிறேன். இம்மலையூர்களின் மூதாட்டியரிடம் மை கூட்டிய முறை, பச்சை குத்திய கோலங்களின் பெயர், தலைமுடிக்கு இட்ட இலைகளின் பெயர், மேனி நிறங்களுக்கு அவர்கள் வழங்கும் சொற்கள் ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். நிறத்துக்கு இரண்டே சொற்கள் உள்ள நகரத்து மொழிக்கு, இம்மலை எத்தனை சொற்களை வைத்திருக்கிறது என்று தெரியவரும். ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு நிரப்பினால் அடுத்த மலருக்கு அதுவே சிறந்த பொருளாகும். அந்தச் சொற்களிலிருந்து நாளை ஒரு நல்ல கவிதை பிறக்கலாம். அதனைப் படிக்கும் ஒரு கறுத்த சிறுமி, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, இதனை மாற்ற வேண்டியதில்லை என்று எண்ணுவாளாயின், அதைவிடப் பெரிய பரிசு எந்த வட்டத்துக்கும் கிடைப்பதற்கில்லை.